தரை பார்க்கப் போன கதை: சிசிலியில் பியாட்சா ஆர்மெரினா, கல்தாஜிரோனே ஒரு நாள் டூர்

பச்சைக்குடை:

இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் போகிற நம் ஆட்கள் எட்னா எரிமலை, தாவோர்மினா கடற்கரை என்று ஓரத்தோடு சுற்றிவிட்டு வந்துவிடுகிறார்கள். தீவின் உள்பக்கம் போனவர்கள் யாராவது இருந்தால் உங்கள் கதையையும் இங்கே எழுதுங்கள். எங்கள் கதை இது.

மே மாதம் நான், மனைவி, அம்மா மூவரும் கத்தானியாவில் இருந்து கைடோடு ஒரு நாள் டூர் எடுத்தோம். காலை எட்டு மணிக்கு மினி பஸ், பதினாறு பேர், ஆங்கிலம் பேசும் ஒரு பெண் கைடு. முதலில் பியாட்சா ஆர்மெரினாவுக்கு வெளியே இருக்கும் ரோமானிய மாளிகை, மத்தியானத்துக்கு மேல் செராமிக் ஊரான கல்தாஜிரோனே. அம்மா பஸ்ஸில் இரண்டு முறை கேட்டுவிட்டார், "தரையைப் பார்க்கவா இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போகிறாய்?"

கேள்வி நியாயம்தான். வில்லா ரொமானா தெல் கசாலே என்கிற அந்த மாளிகையில் சுவர் பல இடங்களில் இடுப்பளவுகூட இல்லை, கூரை இப்போது போட்டது. மிச்சம் இருப்பது தரைதான். ஆனால் 4ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் சின்னச் சின்னக் கல்லாக எடுத்துப் படம் படமாகப் பதித்த மொசைக் தரை, ஏறத்தாழ 3,500 சதுர மீட்டர். 12ஆம் நூற்றாண்டில் மலையில் இருந்து மண் சரிந்து மூடிவிட்டதாம், மூடியதால்தான் பிழைத்தது. 1950களில்தான் பெரிய அளவில் தோண்டி எடுத்தார்கள், 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வீட்டுக்காரர் யார் என்பதில்தான் இன்னும் இழுபறி. மாக்சிமியன் என்ற சக்கரவர்த்தி என்று முன்பு சொல்லியிருக்கிறார்கள், இல்லை, ரோமில் இருந்த பெரிய செனட் குடும்பத்து ஆள் என்கிறார்கள் இப்போது. கல் பதித்தவர்கள் வட ஆப்பிரிக்காவில் இருந்து வந்தவர்கள் என்று கைடு சொன்னார்.

தரையில் கால் வைக்க விடமாட்டார்கள். மேலே போட்டிருக்கும் நடைபாதையில் நின்று அறை அறையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போக வேண்டும். எல்லா டூரும் ஓடுவது பிகினிப் பெண்கள் அறைக்கு. இரண்டு துண்டு உடையில் பத்துப் பெண்கள் ஓடுகிறார்கள், பந்து எறிகிறார்கள், கையில் எடை தூக்குகிறார்கள், ஒருத்திக்குப் பரிசு கிடைக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே நெரிசலில் நின்று அடுத்தவர் செல்போன் வழியாகத்தான் பார்த்தோம். ஒரு மூலையில் மட்டும் மேல் தளம் பெயர்ந்து அடியில் அதற்கும் பழைய தரை, வெறும் கட்டம் கட்டமான டிசைன், எட்டிப் பார்க்கிறது. அதைக் கவனித்தது என் மனைவி. யாருக்கோ பழைய டிசைன் அலுத்துப்போய் அதன் மேலேயே புதிதாகப் போட்டிருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது வேட்டை நடைக்கூடத்தைப் பற்றி. 60 மீட்டருக்கும் மேல் நீளம். ரோமில் மிருகக் காட்சி நடத்துவதற்காக உலகம் முழுக்க மிருகம் பிடித்துக் கப்பலில் ஏற்றுகிற கதை ஒரு கோடியில் இருந்து மறு கோடி வரை ஓடுகிறது. கைடு ஏழு நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். அம்மா நகரவில்லை. ஒரு கோடியில் அரைவட்டமான இடத்தில் கறுத்த நிறத்தில் ஒரு பெண், கையில் யானைத் தந்தம், ஒரு பக்கம் யானை, ஒரு பக்கம் புலி. அது இந்தியாவைப் பெண்ணாக உருவகித்தது என்று பலர் சொல்கிறார்கள், வேறு நாடு என்பவர்களும் உண்டு. அம்மா அந்த யானையையே பார்த்தார். தோல் முழுக்க மீன்வலை மாதிரி குறுக்கும் நெடுக்கும் கறுப்புக் கோடு. "இவன் யானையைத் தொட்டுப் பார்த்ததே இல்லை, யாரோ தோல் வெடிச்சு வெடிச்சு இருக்கும்னு சொல்லியிருக்காங்க, கேட்டுட்டுப் போட்டிருக்கான்" என்றார். பக்கத்திலேயே ஒரு தாய்ப்புலி கண்ணாடி உருண்டை ஒன்றின் மேல் பாய்கிறது. குட்டியைத் திருடிக்கொண்டு குதிரையில் ஓடுகிறவன் அந்த உருண்டையை வீசுவானாம், அதில் தன் உருவத்தையே பார்த்துக் குட்டி என்று நினைத்துப் புலி நின்றுவிடுமாம், அதற்குள் இவன் கப்பலேறிவிடுவான். இதை நான் போனில் படித்துச் சொன்னதும் அம்மா சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

கைடு திரும்பி வந்து எங்களைத் தேடிப் பிடித்தார். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அம்மா பக்கத்தில் நின்று, கட்டிப்பிடித்து முத்தமிடும் ஜோடி இருக்கும் படுக்கையறையைப் பற்றி என்னிடம் மெல்ல, "உங்கள் அம்மா சங்கடப்படுவாரா, விட்டுவிடலாமா?" என்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். "நம்ம ஊர்த் தேர்ல இல்லாததா? நடக்கச் சொல்லு" என்றார் அம்மா.

கல்தாஜிரோனேயில் எங்களுக்குக் கிடைத்தது ஒன்றரை மணி நேரம், அதில் பாதி ஒரு கடையிலேயே போய்விட்டது. அம்மா ஆசைப்பட்டு ஒரு செராமிக் தலை வாங்கினார். தலைப்பாகையும் கிரீடமுமாக மீசை வைத்த ராஜா, மண்டை திறந்திருக்கும், செடி வைக்கிற தொட்டி. ராஜாவும் ராணியும் ஜோடி, பிரிக்கக் கூடாது என்றார் கடைக்காரர். ஜோடி 110 யூரோ. ராஜாவை மட்டும் 60க்குப் பிரித்துக்கொண்டு வந்துவிட்டோம். கைடு ஏதோ கதை சொன்னார், நான் பில் போடும் வரிசையில் நின்றதால் காதில் விழவில்லை. இப்போது அம்மா அதில் துளசி வைத்து பால்கனியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

முழங்கால்வலி:

நாங்கள் போன டூரில் அந்த "ஒரு கடை" விஷயம் இன்னும் மோசம். எந்த கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. மூன்று மணிக்கு ஊருக்குள் போக வேண்டியது, நேராக ஊருக்கு வெளியே ஒரு ஷோரூமில் இறக்கி முக்கால் மணி நேரம் வைத்திருந்தார்கள். வெளியே வந்தபோது படிக்கட்டுக்கு அரை மணி நேரம்தான் பாக்கி.

அந்தப் படிக்கட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: கல்தாஜிரோனே ஊருக்குள் இருக்கும் சாந்தா மரியா தெல் மோந்தே, 142 படி. 1606இல் கட்டத் தொடங்கியது. படியின் முகப்பில் மட்டும் வண்ண ஓடு, வரிசைக்கு ஒரு டிசைன், அதை 1954இல் பதித்திருக்கிறார்கள். கால் வைக்கிற இடம் கறுப்பு எரிமலைக் கல். எனக்கு முழங்கால் சரியில்லை. வண்டியில் போகும் வழி இருக்கும், மேலே இறக்கிவிட்டால் சௌகரியமாக இறங்கிவிடலாம் என்று புத்திசாலித்தனமாக யோசித்து டாக்சி பிடித்து மேலே போய்விட்டேன். மேலே நின்று பார்த்தால் ஒரு ஓடுகூடத் தெரியவில்லை! வெறும் கறுப்புப் படிக்கட்டு. ஓடு எல்லாம் கீழே இருந்து ஏறுகிறவனுக்குத்தான். பத்துப் படிக்கு ஒரு முறை நின்று பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கினேன், எதிரே ஏறி வந்தவர்கள் யாரையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள்.

பலெர்மோவாசி:

பச்சைக்குடை அண்ணை, அந்தத் தலையின் கதை உங்களுக்கு உண்மையாகவே தெரியாதா? சொல்கிறேன், ஆனால் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு.

அது எங்கட பலெர்மோவில் கல்சா என்ற பகுதியில் நடந்ததாகச் சொல்லுகிற கதை. சிசிலியில் மூர்கள், அதாவது வட ஆப்பிரிக்காவில் இருந்து வந்த முஸ்லிம்கள், இருந்த காலம். மாடத்தில் பூச்செடி வளர்க்கும் ஒரு பெண்ணைத் தெருவில் போன மூர் ஒருவன் கண்டு காதல் சொன்னான், அவளும் சம்மதித்தாள். பிறகுதான் தெரிந்தது அவனுக்கு ஊரில் மனைவியும் பிள்ளைகளும் இருக்கினம், அவன் திரும்பிப் போகப் போகிறான் என்று. அன்றிரவு அவன் நித்திரையில் இருக்கும்போது தலையை வெட்டி, அதையே தொட்டியாக்கி மாடத்தில் வைத்து, அதில் துளசி இனத்துச் செடிதான், இவர்கள் பாசிலிக்கோ என்பது, நட்டாளாம். செடி செழித்து வளர, அக்கம்பக்கத்தார் பொறாமைப்பட்டுத் தாங்களும் மண்ணில் தலை செய்யச் சொல்லிக் குயவரிடம் போனார்களாம். ராஜா, ராணி எல்லாம் கடைக்காரர் சொல்வது. பேரே தெஸ்தா தி மோரோ, மூரின் தலை. நான் இருபது வருஷமாக இங்கே இருக்கிறேன், ஒவ்வொரு பால்கனியிலும் பார்க்கிறேன், என் வீட்டில் வைக்க மனம் வரவில்லை.

எங்கள் பயணம் வேறு மாதிரி. பலெர்மோவில் எங்கட இலங்கைத் தமிழ் ஆக்கள் நிறையப் பேர் இருப்பது உங்களுக்குத் தெரியும்தானே, பெல்லெக்ரினோ மலையில் பலெர்மோவின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவிடம் நடந்து போய்க் கும்பிடுகிற சைவ ஆக்களும் உண்டு. அப்படி ஒரு ஐம்பது பேர் சேர்ந்து பஸ் பிடித்து, இத்தாலியன் கைடு ஒருவரையும் பிடித்து, யூலை 25ஆம் திகதி வெளிக்கிட்டோம். அன்று கல்தாஜிரோனேயில் அந்த ஊரின் காவல் புனிதரான சான் ஜாக்கொமோவின் திருநாள். கைடு இத்தாலியனில் சொல்ல, இங்கே பிறந்த பிள்ளைகள் எங்களுக்குத் தமிழில் சொல்ல, அந்தத் தமிழைத் தாய்மார் திருத்த, அப்படியே கசாலே முடிந்தது. சரியான வெக்கை. என் மாமி ஒரு சிங்கத்தைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை, விசிறிக்கொண்டே இருந்தார்.

கல்தாஜிரோனேக்கு வந்து படிக்கட்டின் அடியில் இருட்டும்வரை காத்திருந்தோம். மாமிக்கு நிற்க ஏலாது. பக்கத்து வீட்டு வாசலில் ஒரு கிழவி, ஒன்றும் கேட்கவில்லை, உள்ளே போய்ச் சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றைத் தூக்கிவந்து வைத்தார். மாமிக்கு இத்தாலியன் வராது, அவருக்குத் தமிழ் வராது, இரண்டு பேரும் ஒன்றரை மணி நேரம் பக்கத்துப் பக்கத்தில் இருந்து கதைத்தார்கள். அப்புறம் விளக்கு ஏற்றத் தொடங்கினார்கள். நிறக் கடதாசியைக் குழாயாகச் சுற்றி உள்ளே எண்ணெய் விளக்கு, ஏறத்தாழ 4,000. கிட்ட நின்றால் வெறும் விளக்கு, எட்ட வந்து பார்த்தால் படிக்கட்டு முழுக்க ஒரே படம். மாமி "விளக்கீடு" (கார்த்திகைத் தீபத்தை நாங்கள் சொல்லுவது) என்று ஒரு வார்த்தை சொன்னார், அந்தக் கிழவி தலையாட்டினார்.

களிமண்:

டூரோடு போய் டூரை விட்டு ஓடியவள் நான். கடைக்குக் கூட்டிப்போனபோது பின்பக்கம் பட்டறை தெரிந்தது, கேட்டேன், உள்ளே விட்டார்கள். மற்றவர்கள் ஃபிரிட்ஜ் காந்தம் வாங்கிக்கொண்டிருந்த முப்பது நிமிடமும் நான் ஓடு வரைந்தேன்.

ஒரு முறை சுட்ட மண் ஓட்டை வெள்ளீயம் கலந்த மெருகுக் கரைசலில் முக்கி எடுத்துக் காயவைத்திருந்தார்கள். தொட்டால் சாக்பீஸ் மாதிரி விரலில் மாவு ஒட்டும். அதன் மேல் ஊசியால் துளையிட்ட ஒரு தாளை வைத்துக் கரிப்பொடி கட்டிய துணி முடிச்சால் தட்டினார் அந்த அம்மாள். தாளை எடுத்தால் புள்ளி புள்ளியாகக் கொடி. அச்சு அசல் நம் கோல அச்சு! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏன் என்று விளக்கவும் தெரியவில்லை, போனில் மார்கழிக் கோலம் ஒன்றைக் காட்டினேன். அவர் அதைப் பெரிதாக்கிப் புள்ளியை எண்ணினார்.

அடுத்தது பிரஷ். நான் வாட்டர்கலர் பழகியவள், அந்தத் தெம்பில் நீலத்தைத் தொட்டு வைத்தேன். வைத்த நொடியில் ஓடு நிறத்தை உறிஞ்சிவிட்டது. இழுக்க முடியாது, அழிக்க முடியாது, தயங்கினால் அந்த இடத்தில் கறை. ஒரே மூச்சில் இழுத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். அதோடு, கோபால்ட் நீலம் அப்போது மங்கல் சாம்பலாகத்தான் தெரிகிறது, இரண்டாம் முறை சூளையில் மெருகு உருகிக் கண்ணாடியானால்தான் நீலம் வரும். பச்சைக்குத் தாமிரம், மஞ்சளுக்கு ஆன்டிமனி. இந்த மூன்று நிறம்தான் ஊர் முழுக்க. என் ஓட்டைச் சுட்டுத் தபாலில் அனுப்பினார்கள், ஐந்து வாரம் கழித்து வந்தது. நான் தயங்கிய நான்கு இடமும் சொட்டுச் சொட்டாக நீலமாக நிற்கிறது.

முழங்கால்வலி சொன்ன ஷோரூம் வேறு, இது ஊருக்குள் படிக்கட்டை ஒட்டி. இரண்டு பக்கமும் இப்படிப்பட்ட சின்னப் பட்டறைகள் இருக்கின்றன. உள்ளே சூளை இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், முகத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

முழங்கால்வலி:

அப்போ நான் வாங்கிய தட்டு?

களிமண்:

அடியில் திருப்பிப் பாருங்கள், கையெழுத்தோ பட்டறைப் பெயரோ பிரஷ்ஷில் எழுதியிருக்கும்.

முழங்கால்வலி:

ஸ்டிக்கர் ஒட்டியிருந்த பசைதான் இருக்கிறது.

பச்சைக்குடை:

பலெர்மோவாசி, உங்கள் பதிவை நேற்று ராத்திரி மனைவிக்குப் படித்துக் காட்டினேன், பக்கத்து அறையில் டிவி ஓடுகிறதே, கேட்காது என்று நினைத்தேன். டிவி சத்தம் குறைந்தது. "துளசியை எதுல வெச்சேன்னு சொன்னே?" என்று வந்து நின்றார் அம்மா. முழுக்கதையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. வெட்டியவள் மேல் கோபமே இல்லை, "பொண்டாட்டி பிள்ளையை வெச்சிக்கிட்டு இவன் பண்ணது மட்டும் சரியா?" என்கிறார். ஆனாலும் காலையில் எழுந்து பார்த்தால் துளசி பழைய பெயின்ட் டப்பாவுக்கு இடம் மாறியிருந்தது. ராஜாவைக் கழுவித் துடைத்து அடுப்பு மேடையில் வைத்திருக்கிறார். மண்டை நிறைய கரண்டி.