ப்ராசசர் சூடு: மண்டையைக் குடைந்த கேஸ்களைப் போடுங்க

திருப்புளி: ஆன் பண்ணி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னாடி வரும் செட்டிங்ஸ் திரை) போனால் 70, 85, 97 டிகிரி... அப்புறம் பட்டென்று ஆஃப். ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவே சூடு கடத்தும் பேஸ்ட் புதுசு, ஃபேனும் சுத்துது. போர்டைக் கழற்றித் திருப்பினால், கூலரின் நாலு புஷ் பின்னில் ஒன்றின் வெள்ளைக் கால் விரியவே இல்லை. மூலைக்கு மூலை எதிரெதிராக அழுத்தணும். ஒரே பக்கத்து இரண்டை முதலில் முடித்தால் மறுபக்கம் தூக்கிக்கும். 90 தாண்டினாலே கூலரில்தான் கோளாறு.

ஈரக்காற்று: வாட்டர் கூலர் கேஸ் ஒன்று. ரேடியேட்டர் ஃபேன்கள் கத்துது, தொட்டால் ரேடியேட்டர் ஜில்லுன்னு இருக்கு. ப்ராசசர் 100! பயாஸில் பம்ப் ஆர்பிஎம் 0. பம்ப் செத்தால் சூடு குழாயைத் தாண்டாது.

கடைசிபெஞ்ச்: எச்டபிள்யூஇன்ஃபோவில் (சூட்டைக் காட்டும் சாஃப்ட்வேர்) ஒரு வரி 127 டிகிரி. எந்த வேலையும் ஓடாத ஐடிலில்! அசையவே இல்லை. போர்டில் எதுவும் இணைக்காத சென்சார் பின்னாம் அது.

கோர்_எட்டு: @திருப்புளி, பின் விஷயம் சரி, ஆனால் "90 தாண்டினாலே" என்பது எல்லாச் சிப்புக்கும் பொருந்தாது. ஏஎம்டியின் ரைசன் 7000 எக்ஸ் மாடல்கள் முழு லோடில் 95 வரை போய் அங்கேயே நிற்கும்படிதான் வடிவமைப்பு. முதல் தலைமுறை 1800எக்ஸ் இன்னும் மோசம்: டிசிடிஎல் (ஃபேனைக் கட்டுப்படுத்தும் சூட்டு அளவு) வரியில் 20 டிகிரி கூட்டிக் காட்டும், சிப்பின் உண்மைச் சூடான டிடை-யைத்தான் பார்க்கணும். நம்பரை விட்டுட்டு க்ளாக்கை, அதாவது சிப் ஓடும் வேகத்தைப் பாருங்க. பதினைந்து நிமிஷம் லோடு கொடுங்க. பேஸ் க்ளாக்குக்குக் (சிப்புக்குக் குறித்த அடிப்படை வேகம்) கீழே இறங்கி, தெர்மல் த்ராட்லிங் (சூட்டால் வேகத்தைக் குறைப்பது) வரியில் 'யெஸ்' வந்தால் அதுதான் பிரச்சினை. லோடை நிறுத்தியதும் இரண்டே விநாடியில் 95-லிருந்து 55-க்கு விழுந்தால் ஹீட்சிங்க் (கூலரின் உலோகத் துடுப்புக் கட்டு) சூடாகவே இல்லை: சிப்பிலிருந்து சூடு ஏறும் இடத்தில்தான் தடை, அதாவது பேஸ்ட், அழுத்தம், இல்லை அடியில் உரிக்காத பிளாஸ்டிக் தாள். மெதுவாக இறங்கினால் ஹீட்சிங்க்கே சூடேறிக் கிடக்கு. அப்போ சைடு பேனலைத் திறந்து வைத்து மறுபடி ஓட்டுங்க, 7, 8 டிகிரி குறைஞ்சா கேபினட்டில் காற்றோட்டம் இல்லை. பேனல் திறந்தும் அசையாவிட்டால், ஃபேனைக் கழற்றி அடியில் துடுப்புகளுக்கு நடுவே பாருங்க, தூசி கம்பளி மாதிரி படிஞ்சிருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது.

கடைசிபெஞ்ச்: நான் அட்வைஸ் கேட்கலையே ப்ரோ.

ஈரக்காற்று: கூலரைக் கழற்றப் போறவங்களுக்கு: ஏஎம்4 சாக்கெட் (ப்ராசசரின் அடியில் பின் இருக்கும் ஏஎம்டி வகை) என்றால் முதலில் கொஞ்ச நேரம் லோடில் ஓட்டி பேஸ்ட்டை இளக வைங்க. ஆஃப் பண்ணி, இடவலமாகத் திருகி, அப்புறம் தூக்குங்க. நேரே இழுத்தால் லிவர் பூட்டியிருந்தாலும் ப்ராசசர் கூலரோடு ஒட்டி வந்துடும், பின் வளையும்.