கொழும்பிலிருந்து வந்தாறுமூலைக்குக் கார்: லொறியா, டிரைவரா?

கேள்வி: கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்து, மட்டக்களப்புப் பக்கம் இருக்கிற வந்தாறுமூலைக்கு வந்துவிட்டேன். என் பழைய ஆல்டோ கார் கொழும்புக்குப் பக்கத்தில் தெஹிவளையில் நிற்கிறது. தனியாக அவ்வளவு தூரம் ஓட்ட மனமில்லை. ரெயினில் போடலாமா?

செங்கலடி அண்ணன்: தங்கச்சி, மோட்டார் சைக்கிள் என்றால் பெற்றோலை வடித்துவிட்டு ரெயினில் பார்சலாகப் போடலாம். காருக்கு லொறிதான். இங்கிருந்து கொழும்பில் வாகனம் இறக்கப் போகிற லொறி வெறுமையாகத் திரும்பும். அந்த லொறிக்காரரைப் பிடித்தால் கூலி குறையும். ஏற்றுமுன் நாலு பக்கமும், மீற்றரையும் படம் எடுங்கள். பழைய கீறலை ஓட்டுநர் முன்னாலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கொஞ்சம் முறைப்பார், பரவாயில்லை. மூன்றாம் தரப்புக் காப்புறுதி உங்கள் காருக்கு வரும் சேதத்துக்கு உதவாது. முழுக் காப்புறுதி என்றாலும், லொறியில் ஏற்றினால் செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

கல்முனையான்: ஒரு ஆல்டோவுக்கு லொறியா? தெரிந்த டிரைவரிடம் கொடுங்கள், செலவு குறைவு. விடியவே வெளிக்கிடச் சொல்லுங்கள். ஹபரணை, மின்னேரியா, வெலிக்கந்தைப் பக்கம் இரவில் யானை ரோட்டுக்கு வரும்.

கேட்டவர்: சரி அண்ணன், டிரைவர்தான். தம்பியையும் கூடவே ஏற்றிவிடுகிறேன்.

செங்கலடி அண்ணன்: டயரையும் பிரேக்கையும் அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள்.