எடை குறைக்கும் ஊசி: வடசென்னையில் எங்களுக்கு நேர்ந்தவை

வண்ணாரப்பேட்டை, துணிக்கடைக் கணக்காளர்:

எடை குறைய வாரம் ஒருமுறை போடும் ஊசியை எழுதித் தருவதற்கு முன் என் மருத்துவர் கேட்ட கேள்விகளைத்தான் முதலில் சொல்ல விரும்புகிறேன்; ஏனெனில் எம்.சி. ரோட்டில் என்னோடு வேலை பார்க்கும் பெண்கள் ஊசியின் பெயரையும் விலையையும் மட்டுமே விசாரிக்கிறார்கள். குடும்பத்தில் எவருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்ததா, கணையத்தில் அழற்சி வந்ததுண்டா, பித்தப்பையில் கல் உண்டா, அடுத்த ஓராண்டில் குழந்தை பெறும் எண்ணம் உண்டா என்று அவர் வரிசையாகக் கேட்டார். உயரத்தோடு எடையை ஒப்பிடும் உடல் நிறை குறியீடு (பி.எம்.ஐ.) 30 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களுக்கும், 27-ஐத் தொட்டு அதனோடு சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற ஏதேனும் ஒரு நோயும் உள்ளவர்களுக்கும்தான் இம்மருந்து என்று விளக்கிய பிறகே சீட்டை எடுத்தார்.

எனக்குத் தரப்பட்டது டிர்செபடைடு. 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்த மருந்து. முதல் நான்கு வாரங்கள் 2.5 மில்லிகிராம். இந்த அளவு எடையைக் குறைப்பதற்காக அல்ல, குடலைப் பழக்குவதற்காக என்பதை முன்பே சொல்லியிருந்ததால், எடைக் கருவி அசையாதபோதும் நான் பதறவில்லை. பிறகு 5 மில்லிகிராமுக்கு ஏற்றியபோது குமட்டல் வந்தது, குறிப்பாக எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட நாட்களில். இரைப்பை மெதுவாகக் காலியாவதால் இரவில் பிரியாணி சாப்பிட்டால் மறுநாள் காலைவரை எதுக்களிக்கிறது. வயிறு நிறைந்த உணர்வு தோன்றியதுமே கையை எடுத்துவிடுவதுதான் எனக்குப் பலித்த வழி. கொழுப்போடு தசையும் கரையும் என்பதால் தட்டில் சோற்றைக் குறைத்தாலும் காசிமேட்டு மீனைக் குறைக்காதீர்கள் என்றார் மருத்துவர். அந்த ஒரு கட்டளையை மட்டும் வீட்டில் எல்லோரும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்கள்.

பெண்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள் டிர்செபடைடு தொடங்கிய நான்கு வாரங்களுக்கும், ஒவ்வொரு முறை அளவு கூட்டிய பின் நான்கு வாரங்களுக்கும் வேறு தடுப்பு முறையையும் சேர்த்துக் கையாள வேண்டும், ஏனெனில் மாத்திரை உடலில் சேர்வதை இந்த ஊசி குறைக்கக்கூடும். இனி எனக்கு ஒரு கேள்வி: வேண்டிய எடையை எட்டிய பிறகு ஊசியை நிறுத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தண்டையார்பேட்டை, ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர்:

சகோதரியின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்கான ஒன்றைச் சேர்க்கிறேன். நான் நெடுங்காலமாகக் கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டு வந்தவன். இதே போன்ற மற்றொரு வார ஊசியான செமாகுளுடைடு தொடங்கிய அன்றே என் மருத்துவர் அந்த மாத்திரையைப் பாதியாக்கினார். எண்ணூரில் இருக்கும் என் மைத்துனருக்கு அப்படி நடக்கவில்லை. அவர் ஊசியை ஓரிடத்திலும் சர்க்கரை மாத்திரையை வேறிடத்திலும் வாங்கிக்கொண்டிருந்தார், இரண்டு இடத்தாருக்கும் மற்றொன்றைப் பற்றித் தெரியாது. ஒரு நாள் பகல் உணவு இறங்காமல் நாலு வாய் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவருக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிய என் தங்கையின் சமயோசிதத்தால் பிழைத்தார்.

இதன் காரணத்தை மருத்துவர் எனக்கு இப்படி விளக்கினார்: ஊசி ரத்தத்தில் சர்க்கரை கூடும்போதுதான் இன்சுலினைத் தூண்டுகிறது, சர்க்கரை இறங்கினால் தானும் அடங்கிவிடுகிறது, கிளிமெபிரைடுக்கோ சாப்பிட்டோமா இல்லையா என்ற கவலையே கிடையாது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. வாந்தி நிற்காத நிலையில் சிறுநீர் பெருக்கும் ரத்த அழுத்த மாத்திரையையும் தொடர்ந்தால் உடலில் நீர் வற்றிச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். விழித்திரைப் பாதிப்பு உள்ளவர்கள் ஊசிக்கு முன் கண்ணைச் சோதித்துக்கொள்வது அவசியம். சர்க்கரை வேகமாக இறங்கும்போது அந்தப் பாதிப்பு மோசமடைவது உண்டு. ஆகவே வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

பெரம்பூர், மருந்துக் கடை நடத்துபவர்:

சீட்டு இல்லாமல் ஊசி கேட்டு வருபவர்கள் கடைக்கு வந்தவண்ணம் இருக்கிறார்கள், பெரும்பாலும் கல்யாணத்துக்கு முன். இல்லை என்று அனுப்பினால் இணையத்தில் வாங்கிக்கொள்கிறேன் என்று முறைக்கிறார்கள். போலி செமாகுளுடைடு பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரித்ததை அவர்களிடம் சொல்லிப் பார்ப்பேன், சிலர் கேட்பார்கள். செலவைப் பங்கு போட்டு அக்காவும் தங்கையும் மருந்து அடைத்த ஒரே ஊசிப் பேனாவைப் பயன்படுத்துவதையும் கண்டிருக்கிறேன். ஊசிமுனையை மாற்றினாலும் பேனாவுக்குள் ரத்தம் ஏறியிருக்கக்கூடும் என்பதால் அது கூடவே கூடாது. செமாகுளுடைடின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரைதான். அதன்பின் மற்ற நிறுவனங்களும் தயாரித்து விலை இறங்க இறங்க இப்படிப்பட்ட பங்கீடு குறையும் என்று நம்புகிறேன், ஆனால் சீட்டில்லாத கூட்டம் பெருகும் என்றே அஞ்சுகிறேன்.

ஊசி மருந்தைக் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். உறைநிலைப் பெட்டியில் வைத்து உறைந்துபோன மருந்தைத் தூக்கி எறிவதுதான் முறை. மவுன்ஜாரோவை 30 டிகிரிக்கு மிகாத வெப்பத்தில் 21 நாட்கள் வெளியே வைக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் அக்கினி நட்சத்திரத்தில் நம் தகரக் கூரை வீடுகளில் 30 டிகிரி எங்கே இருக்கிறது?

வியாசர்பாடி, இல்லத்தரசி:

ஊசியைப் பற்றி இவ்வளவு எச்சரிக்கையாகப் பேசுகிறோம். என் மகளுக்கு ஆபத்து வந்தது மூலிகை என்று எழுதிய பொடி வழியாக. உடற்பயிற்சிக் கூடத்தில் பழகிய ஒருவர் கொடுத்தது. பசியே இல்லை, எடையும் இறங்கியது, நாங்கள் மகிழ்ந்தோம். பிறகு தூக்கம் போய், படபடப்பு வந்து, இருபது வயதுப் பிள்ளைக்கு ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. பொடியை நிறுத்தியதும் சில நாளில் சரியாயிற்று. அதில் என்ன கலந்திருந்தது என்று எவரும் சோதித்துச் சொல்லவில்லை. ஆனால் மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுவதாகத் தெரியவந்து 2011-இல் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட சிபுட்ராமின் என்ற பசியடக்கும் மருந்து, மூலிகைப் பொடிகளில் இன்னும் கண்டுபிடிக்கப்படுவதை மருத்துவர் சொன்னபோது எனக்கு உடல் சில்லிட்டது. தைராய்டு குறை இல்லாதவர்கள் மெலிவதற்காகத் தைராய்டு மாத்திரை போடுவதும் இதயத்தைப் பதம் பார்க்கும் என்றார்.

ராயபுரம், செவிலியர்:

வண்ணாரப்பேட்டை அக்கா கேட்டதற்கு என் பதில். செமாகுளுடைடு ஆய்வு ஒன்றில், ஊசியை நிறுத்தியவர்கள் இழந்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டுக்குள் திரும்பப் பெற்றார்கள். நான் வார்டில் பார்ப்பதும் அதையே ஒத்திருக்கிறது. ரத்த அழுத்த மாத்திரையைப் போல நீண்ட காலத்துக்கு எடுக்கும் மருந்தாக இதை நினைத்து, தொடங்கும் முன்பே செலவைக் கணக்கிடுவது நல்லது. நடுவில் சில வாரங்கள் விட்டுப்போனால் பழைய அளவிலேயே மறுபடி போட்டுக்கொள்ளாமல் மருத்துவரைக் கேளுங்கள். பெரும்பாலும் குறைந்த அளவிலிருந்தே மீண்டும் ஏற்றுவார்கள்.

அறுவை சிகிச்சைக்கு வருபவர்கள், இரவு முதல் ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொல்வதோடு நிறுத்தாமல், கடைசி ஊசி எந்தத் தேதியில் என்பதையும் மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வெறும் வயிறு என்று நாம் நம்பியிருக்கும் வேளையிலும் உணவு தங்கியிருந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை பரவும் கடும் வலி நிற்காமல் இருந்தால் வாயு என்று இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். அது கணைய அழற்சியாக இருக்கலாம். அடுத்த ஊசியைப் போடாமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.