ஒகோனோமியாக்கி (முட்டைக்கோஸும் மாவும் சேர்த்து இரும்புக்கல்லில் சுடும் ஜப்பானிய அடை) கடையில் உங்களுக்கு நேர்ந்தது என்ன?

வைகைக்கரை:
ஒசாகாவில் டோட்டோன்போரிக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில், இரும்புக்கல் பதித்த மேசைகள் சில மட்டுமே கொண்ட கடை அது. மீனும் இறைச்சியும் தொடாத என் அம்மாவும் உடன் வந்திருந்தார். பன்றி இறைச்சி வேண்டாம் என்றோம்; கடைக்காரர் தலையாட்டினார், அப்படியே செய்தும் கொடுத்தார். ஆனால் சாஸும் மயோனைஸும் தடவிய கையோடு, வழக்கப்படி கட்சுவோபுஷி என்ற உலர்ந்த மீன்சீவலையும் தூவிவிட்டார். சூட்டில் அந்த மீன்சீவல்கள் நெளியத் தொடங்கியதும் அம்மா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, "இதற்கு இன்னும் உயிர் போகவில்லையா?" என்று கேட்டார். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் நாற்காலி நகர்ந்த சத்தம் புரிந்துவிட்டது. வாசலில் ஆட்கள் காத்திருக்க, அவர் குச்சிகளை எடுத்துவந்து, சாஸில் ஒட்டிக்கொண்ட சீவல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துவிட்டுக் குனிந்து வணங்கினார். அம்மா இரண்டு வாய் சாப்பிட்டார். விரும்பிச் சாப்பிட்டாரா, அந்த மனிதர் எதிரே நின்றதால் சாப்பிட்டாரா என்பது இன்றுவரை விளங்கவில்லை. கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்.

மெய்ப்பொருள்:
சீவலை எடுத்து என்ன பயன்? மாவைக் கரைப்பதே பெரும்பாலும் தாஷி என்ற சாற்றில்தான். அந்தத் தாஷியில் இருப்பதும் அதே கட்சுவோபுஷிதான். அது கிடக்கட்டும். ஒசாகாக் கடையை மட்டும் பார்த்துவிட்டு எழுதுகிறவர்கள் ஒருமுறை ஹிரோஷிமாவுக்குப் போய்வர வேண்டும். அங்கே எதையும் கலக்கி ஊற்றுவதில்லை. மெல்லிய மாவு வட்டத்தின் மேல் முட்டைக்கோஸ், முளைப்பயறு, பன்றி இறைச்சி, நூடுல்ஸ், முட்டை என்று அடுக்குகிறார்கள். 1945இல் அணுகுண்டால் அழிந்த நகரத்தில் அரிசி கிடைக்காத நாட்களில், அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை மாவைக் கொண்டு, வீட்டு முன்பகுதியையே கடையாக்கிய பெண்கள் பலர் வளர்த்தெடுத்த சாப்பாடு அது. நான் உட்கார்ந்த கடையிலும் ஒரு வயதான அம்மாள்தான் சமைத்தார். ஒரு சாண் உயரத்துக்கு நின்ற குவியலுக்கு அடியில் இரண்டு கரண்டிகளைச் செருகி ஒரே வீச்சில் புரட்டினார். சிதறிய ஓரிரு இழைகளைக் கரண்டியின் ஓரத்தால் அடியில் தள்ளிவிட்டு, என்னைப் பார்க்காமலேயே அடுத்ததற்கு மாவு ஊற்றினார். இதற்கு இணையாக ஒசாகாவில் நான் எதையும் பார்த்ததில்லை.

பயணப்பை:
மெய்ப்பொருள் அவர்களே, ஒருவர் தம் தாயைப் பற்றி எழுதியிருக்கும்போது தாஷிக் கணக்கைப் பிரித்துப் பேச வேண்டியதில்லை. எனக்கு நடந்தது சிறியது: கோபேயில் காய்கறி மட்டும் போட்டது என்று நம்பி வாங்கியதில் குட்டி இறால் கிடந்தது. சைவர்கள் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். "இறைச்சி வேண்டாம்" என்பது போதவே போதாது, ஏனென்றால் நம் ஊர் அர்த்தத்தில் சைவம் என்ற ஒன்றைப் பல கடைக்காரர்கள் எண்ணிப் பார்த்தே இருக்க மாட்டார்கள். பன்றி இறைச்சி, இறால், கணவாய், மீன்சீவல், தாஷி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். அதை ஜப்பானிய மொழியில் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோவது நல்லது. சாஸையும் நம்பிவிடாதீர்கள், சிலவற்றில் சிப்பிச் சாறும் இறைச்சிச் சாறும் சேர்கின்றன. கடைகளில் கிடைக்கும் தயார் மாவிலும் மீன்சாறு கலந்திருப்பது உண்டு. எல்லாம் சரியாக அமைந்தாலும், சற்றுமுன் பன்றி இறைச்சி வெந்த அதே கல்லில்தான் உங்களுடையதும் வேகும். அதைப் பொறுக்க முடியாதவர்கள் சைவத்துக்கென்றே உள்ள உணவகங்களைத் தேடிப் போங்கள். பெரிய நகரங்களில் இருக்கின்றன.

கொல்லிமலை:
யாராவது இதை ஜப்பானிய ஊத்தப்பம் என்று எழுதுவதற்கு முன்பே மறுத்துவிடுகிறேன். மாவைப் புளிக்கவைப்பதே கிடையாது. மாவு வெறும் ஒட்டுப்பசைதான், முட்டைக்கோஸே சாப்பாடு. துருவிய மலைக்கிழங்கைச் சேர்ப்பதால் உள்ளே காற்று நின்று பஞ்சுபோல வரும். இது புரியாத என் கணவர், மேசைக்கல்லில் நாங்களே சுட்டுக்கொள்ளும் கடையில், வீட்டுப் பழக்கத்தில் கரண்டியால் நன்றாக அழுத்திவிட்டார். புஸ்ஸென்று ஆவி கிளம்பியதுதான் தாமதம், மூன்று மேசை தள்ளி நின்ற பெண் ஓடிவந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், அவர் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டார். சாப்பிட்டு முடிக்கும்வரை அந்தப் பெரிய கரண்டி திரும்பி வரவில்லை. வெட்டித் தின்னும் சின்னக் கரண்டிகளை மட்டும் வைத்துவிட்டுப் போனார். நான் சிரித்ததை என் கணவர் இன்னும் மன்னிக்கவில்லை.

நெய்தல்:
ஒசாகாவா ஹிரோஷிமாவா என்ற சண்டையில் டோக்கியோவை மறந்துவிட்டீர்கள். அங்கே சுகிஷிமா பகுதியில் தெரு முழுக்க, ஒகோனோமியாக்கியின் இளகிய உறவான மோஞ்சாயாக்கி கடைகள். காய்கறியைக் கல்லில் வதக்கி, கிணறுபோல வட்டமாக ஒதுக்கி, நடுவில் தண்ணீராய் ஓடும் மாவை ஊற்றுகிறார்கள்; கடைசிவரை கெட்டிப்படுவதில்லை. பார்க்கச் சகிக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கல்லில் பிடித்துப் பொன்னிறமான அடிப்பொருக்கை, விரலளவு கரண்டியால் அழுத்திச் சுரண்டி எடுக்கும்போது, அது மெல்லிய வலைபோல ஒரே துண்டாக எழும்பி வந்தது. அதற்காகவே மீண்டும் போவேன். குளிர்காலத்தில் போகிறவர்கள் மேலங்கிக்கு உறை இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சாஸ் வாடை விமானம் ஏறும்வரை உங்களோடு வரும்.