பொலிரோ பின்கதவில் சாமான் ரேக்: தேக்கா, இரும்பா, அலுமினியமா?

பம்புசெட் காரைக்குடி:

வணக்கம். பழைய பொலிரோ. பின்கதவு பக்கவாட்டில் திறக்கும், ஸ்டெப்னி கதவின் வெளிப்பக்கம் தொங்குகிறது. புதுவயல், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் போர்வெல் மோட்டார் சர்வீஸுக்கு ஓடும் வண்டி. கதவின் உள்பக்கம், கண்ணாடிக்குக் கீழே இரண்டு தட்டு ரேக் மாட்ட வேண்டும். ஸ்பேனர் செட், டெஸ்டர், கப்பாசிட்டர், இன்சுலேஷன் டேப், ஜி.ஐ. ஃபிட்டிங்ஸ், சால்வென்ட் டப்பா எல்லாம் அதில் வைக்கணும். பிரித்த வீட்டுப் பர்மா தேக்குப் பலகை கைவசம் இருக்கு, 1 இன்ச் கனம். அதையே செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூவில் முடுக்கிவிடலாமா? இல்லை, இரும்புத் தகடு நல்லதா? செம்மண் ரோட்டில் குலுங்கினாலும் கழன்றுவிடக் கூடாது.

தகட்டுப் பட்டறை, தேவகோட்டை:

அண்ணே, தேக்கு நல்ல சாமான்தான், கதவுக்கு ஆகாது. கணக்கைப் பாருங்க. முதுகுப் பலகை 600 மி.மீ அகலம், 450 உயரம் என்று வைத்தால், 1 இன்ச் தேக்கு மட்டுமே நாலரை கிலோ கிட்ட வரும். 16 கேஜ் இரும்பு 3.4 கிலோ, 12 மி.மீ ப்ளைவுட் 2 கிலோ, 2 மி.மீ அலுமினியம் ஒன்றரை கிலோ. கீல் ஏற்கெனவே 20 கிலோ அளவில் ஸ்டெப்னியைத் தூக்கிக்கொண்டு நிற்குது. அதற்கு மேல் நாம் ஏற்றுவது சாமானோடு சேர்த்து 8 கிலோவைத் தாண்ட வேண்டாம். தேக்குப் பலகையைக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடையில் கொடுத்தால் அலுமினியத்துக்குக் காசு தேறிவிடும்.

அலுமினியத் தகட்டில் 5052 என்ற ரகத்தைக் கேட்டு வாங்குங்க. 6061 ரகம் விறைப்பு அதிகம், மடிக்கிற இடத்தில் விரிசல் விடும். தட்டுக்கு 1.5 மி.மீ தகட்டில் 170 மி.மீ அகலத் துண்டு இரண்டு: பின்பக்கம் 30, அடி 100, முன் உதடு 40. பின்பக்கத்தை முதுகுத் தகட்டில் 4.8 மி.மீ பாப் ரிவெட்டால் 75 மி.மீக்கு ஒன்றாக அடிக்கணும். முதுகின் இரு ஓரத்திலும் 25×25×3 ஆங்கிள் நெடுக்காக வைத்தால் தகடு வளையாது. மொத்தமும் 3 கிலோவுக்குள் முடியும்.

தகடு வெட்டுவதற்கு முன்னால் களிமண் உருண்டை நாலைந்தைக் கதவில் ஒட்டி மெதுவாகக் கதவைச் சாத்துங்க. எங்கே எவ்வளவு நசுங்கியிருக்கு என்று பார்த்தால் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் உள்ள இடம் தெரிந்துவிடும். டேப் பிடித்து அளந்தால் கதவு வளைந்து வருகிற தடத்தில் எது இடிக்கும் என்று தெரியாது. 100 இடிக்கிற மாதிரி இருந்தால் தட்டை 80 ஆக்கிக்கோங்க.

செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ வேண்டவே வேண்டாம். கதவின் உள்தகடு 1 மி.மீ கூட இருக்காது, ஒரே ஒரு மரைதான் அதில் கடிக்கும். பத்து நாள் குலுங்கினால் ஓட்டை நீள்வட்டமாகிவிடும். எம்6 (6 மி.மீ போல்ட்டுக்கானது) ஸ்டீல் ரிவெட் நட், அதாவது ஓட்டையில் நுழைத்து இறுக்கினால் தகட்டைக் கவ்விக்கொள்கிற மரை நட், ஆறு போடுங்க, கதவுத் தகடு மடிந்து விறைப்பாக நிற்கிற இடங்களாகப் பார்த்து. ஓட்டை 9 மி.மீ. நேராக 9-ஐ விடாமல் 3, 6, 9 என்று ஏறணும். முதலில் ட்ரிம்மை (கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் பலகை) கழற்றி, டார்ச் அடித்து லாக் ராடும் வயரும் போகிற தடத்தைக் குறித்துக்கொள்ளுங்க. ட்ரில் பிட்டில் ரீப்பர் துண்டைக் கோத்து 10 மி.மீ மட்டும் வெளியே நீட்டவிட்டால் உள்ளே பாயாது. ஓட்டை விளிம்பின் பிசிறை எடுத்து, ஜிங்க் ப்ரைமர் இரண்டு கோட் தடவிக் காய்ந்த பிறகுதான் நட் போடணும்.

ட்ரிம் பலகைக்கு மேலேயே போல்ட்டை முடுக்கினால் பலகை நசுங்கும், நாளாக நாளாக போல்ட் தளரும். போல்ட் வருகிற இடத்தில் ட்ரிம்மைத் துளைத்து, ரேக்குக்கும் கதவுத் தகட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி அளவுக்கே நைலான் புஷ் (போல்ட் நுழைகிற குழாய்த் துண்டு) வெட்டிப் போடுங்க. போல்ட்டும் அலுமினியமும் தொடுகிற இடத்தில் நைலான் வாஷர் வேணும். ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். மரை தளராமல் பிடிக்கிற பசையான நீலத் திரெட் லாக்கர் மரையில் ஒரு சொட்டு. தட்டின் அடியில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினால் ஸ்பேனர் சத்தம் அடங்கும்.

சீட் கவர் கடை, கோட்டையூர்:

எனக்கு இந்த ஏற்பாட்டில் பாதிதான் சம்மதம். ஸ்பேனர் செட்டும் ஜி.ஐ. ஃபிட்டிங்ஸும் கதவில் எதற்கு? அவை இரண்டும் சேர்ந்தாலே 8 கிலோவைத் தாண்டும். தரையில் பெட்டியாக வைத்து, சீட் போல்ட்டோடு பட்டை போட்டுக் கட்டுங்க. டெஸ்டர், டேப், கப்பாசிட்டருக்கு ரெக்ஸினில் பை தைத்து மெல்லிய ப்ளைவுட்டில் அடித்தால் தட்டே வேண்டாம்.

சால்வென்ட் டப்பாவைக் கதவில் மட்டுமில்லை, வண்டிக்குள்ளேயே நிரந்தரமாக வைக்காதீங்க. சித்திரை வெயிலில் பூட்டிக் கிடக்கும் வண்டியில் மூடி லேசாகக் கசிந்தாலும் போதும், ஆவி தீப்பிடிக்கிற சரக்கு.

பம்புசெட் காரைக்குடி:

சரி, கனமான சாமான் தரைக்கே போகட்டும். ரிவெட் நட் போட்ட பிறகு போல்ட்டோடு சேர்ந்தே சுற்றினால் என்ன செய்வது?

தகட்டுப் பட்டறை, தேவகோட்டை:

ஓட்டை பெரிசாகிவிட்டால்தான் பெரும்பாலும் சுற்றும். அதனால்தான் படிப்படியாக ஏறச் சொன்னேன். வெளிப்பக்கம் வரிவரியாக இருக்கிற நட் வாங்கினால் பிடிப்பு கூடுதல். அப்படியும் சுற்றினால் நட்டின் தலையைப் பெரிய ட்ரில்லால் அரைத்து எடுத்துவிட்டு, 20 மி.மீ தள்ளிப் புது ஓட்டை போடுங்க. பழைய ஓட்டைக்கு ரப்பர் மூடி. உள்ளே விழுந்த நட்டையும் இரும்புத் தூளையும் காந்தம் விட்டு எடுக்கணும். விட்டால் துருப்பிடித்துக் கதவின் அடியில் உள்ள தண்ணீர்த் துளையை அடைக்கும். ஐப்பசி மழைக்குத் தண்ணீர் கதவுக்குள்ளேயே நின்றுவிடும்.

மெக்கானிக், திருப்பத்தூர்:

வேலை தொடங்கும் முன்னால் கதவைப் பாதி திறந்து, பூட்டு இருக்கிற ஓரத்தைக் கையால் மேலே தூக்கிப் பாருங்க. ஆட்டம் இருந்தால் கீல் பின் தேய்ந்திருக்கு. அதை மாற்றாமல் ரேக் மாட்டினால் கதவு இன்னும் இறங்கும். செம்மண் தூசி படிந்த கீலை டீசல் விட்டுக் கழுவிக் கிரீஸ் வையுங்க. ரேக் மாட்டி முடித்து, சாமானும் வைத்த பிறகு, பூட்டு போய் உட்காருகிற கொக்கியில் சாக்பீஸ் தடவிக் கதவைச் சாத்துங்க. கோடு நடுவில் விழாமல் கீழே விழுந்தால் கொக்கியின் இரண்டு ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒரு மில்லி, ஒன்றரை மில்லி இறக்கலாம். அதற்கு மேல் இறக்க வேண்டியிருந்தால் ரேக்கில் சாமானைக் குறையுங்க.