ரீப்பர் திறந்ததும் என்விடிஏ பேசாமல் போகிறது

மண்முனைக்காரன் (ஆரையம்பதி)
வடமோடிக் கூத்துப் பாட்டு, மத்தளம், சல்லரி (கைத்தாளம்) மூன்றையும் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிய வேணும். விண்டோஸ் 11 லப்டொப், இரண்டு மைக் செருகும் யூஎஸ்பி இன்டர்ஃபேஸ். பார்வை இல்லை, என்விடிஏதான் திரை வாசிப்பான். ரீப்பரில் ஏசியோவை (இன்டர்ஃபேஸோடு நேரே பேசும் ஒலி டிரைவர்) தெரிவு செய்த உடனே குரல் நின்றுவிடுகிறது, ரீப்பரை மூடினால் திரும்ப வருகிறது. ரீப்பரைத் திரை வாசிப்பானோடு பாவிக்க உதவும் ஓசாரா நீட்சியும் நிறுவியாயிற்று. ஆனால் எஃப்7 அடித்தால் தடம் பதிவுக்கு ஆயத்தமாவதில்லை. என்ன செய்யலாம்?

கல்லடி ஒலி
தம்பி, இது பழுது இல்லை. சில ஏசியோ டிரைவர்கள் இன்டர்ஃபேஸை முழுதாகத் தங்கள் கைக்குள் எடுத்துவிடும். அதே சாதனத்தால் பேசிய என்விடிஏக்கு அப்போது வழி அடைபடும். பேச்சுக்கு ஒரு வழி, இசைக்கு வேறொரு வழி என்று பிரித்துவிடுங்கள்.

ரீப்பரைத் திறக்க முன் என்விடிஏ+என் அடித்து, அமைப்புகளில் ஓடியோ பகுதிக்குப் போய், வெளியீட்டுச் சாதனமாக லப்டொப்பின் சொந்த ஸ்பீக்கரைப் பெயர் சொல்லியே தெரிவு செய்யுங்கள். 'டிஃபோல்ட்' என்று விடக்கூடாது. இன்டர்ஃபேஸைச் செருகியதும் விண்டோஸ் அதையே டிஃபோல்ட் ஆக்கிவிடக்கூடும். பிறகு லப்டொப்பின் 3.5 மி.மீ. துளையில் ஒரு இயர்போன் செருகி ஒரு காதில் வையுங்கள், அதன் மேல் இன்டர்ஃபேஸின் ஹெட்ஃபோன். ஸ்பீக்கரில் பேசவிட்டால் குரல் மைக்கில் விழும். புளூடூத் வேண்டாம், பேச்சு பிந்தி வரும்.

எஃப்7 வேலை செய்யாததற்குக் காரணம், ஓசாரா நிறுவும்போது விசை வரைபடத்தை (எந்த விசை எதைச் செய்யும் என்ற பட்டியல்) மாற்றும் பெட்டியில் சரி போடாததாக இருக்கும். ரீப்பரை மூடி, நிறுவியைத் திரும்ப ஓட்டி, அந்தப் பெட்டியைத் தெரிவு செய்யுங்கள். நீங்களாக வைத்த குறுக்கு விசைகள் இருந்தால் அவை அழியும், முதலில் பிரதி எடுங்கள். ரீப்பருக்கான எஸ்டபிள்யூஎஸ் என்ற இன்னொரு நீட்சியும் வேணும், இல்லாவிட்டால் சில விசைகள் ஒன்றும் செய்யாது. சந்தேகம் வந்தால் எஃப்12 அடியுங்கள். அதன் பிறகு எந்த விசையை அடித்தாலும் அதன் வேலையைச் சொல்லும். திரும்ப எஃப்12 அடித்தால் நிற்கும்.

மண்முனைக்காரன்
குரல் வந்துவிட்டது, எஃப்7உம் சரி. ஆனால் இயர்போனில் கேட்டாலும் என்விடிஏயின் பேச்சு பதிவில் மெல்லமாக இருக்கிறது.

சாகாமம்
அந்த இயர்போனின் ஒலியைக் குறைத்துப் பாருங்கள். மைக் பாடகரின் முகத்துக்குக் கிட்ட இருந்தால் காதிலிருந்து கசியும் பேச்சையும் பிடிக்கும். குறையாவிட்டால் தடத்தின் இன்புட்டைப் பாருங்கள். சில இன்டர்ஃபேஸ்களில் லூப்பேக் என்று ஒரு உள்வழி இருக்கும். கணினியில் ஓடும் ஒலி அதில் வந்து சேரும். மோனோ இன்புட் 1, 2 தவிர வேறொன்றையும் தெரிவு செய்யாதீர்கள்.

மத்தளத்துக்கு இன்னொரு கவனம். மீற்றரைப் பார்க்க இயலாதவருக்கு ஓசாராவில் பீக் வொச்சர் என்று ஒலியின் உச்ச அளவைச் சொல்லும் வசதி உண்டு. −6 டெசிபலைத் தாண்டினால் சொல்லும்படி வைத்து, பதியும் தடத்தைக் கண்காணிக்கக் கொடுங்கள். அண்ணாவியாரை (கூத்தின் ஆசிரியர்) ஆகக் கடும் தட்டுத் தட்டச் சொல்லி, உச்சம் −12 டெசிபல் அளவில் நிற்கும்வரை இன்டர்ஃபேஸின் கெயின் குமிழை (மைக் ஒலி உள்ளே வரும் அளவைக் கூட்டிக் குறைப்பது) குறையுங்கள். ரீப்பரின் ஃபேடரை (தடத்தின் ஒலியளவு நகர்த்தி) குறைத்துப் பயனில்லை. ஒலி உள்ளே வரும்போதே வெட்டுப்பட்டிருந்தால் பிறகு திருத்த முடியாது. 24 பிட்டில் பதிந்தால் இவ்வளவு தாழ்த்துவது நட்டமே இல்லை. சல்லரியை மைக்குக்கு நேரே வைக்க வேண்டாம், பாட்டின் சொற்களை அது மூடிவிடும்.

கல்லடி ஒலி
பாடுபவருக்குத் தன் குரல் இரட்டையாகக் கேட்டால், இன்டர்ஃபேஸின் நேரடிக் கண்காணிப்பும் (பாடும்போதே மைக் ஒலியை ஹெட்ஃபோனில் கேட்கவிடுவது) ரீப்பரின் கண்காணிப்பும் சேர்ந்து ஓடுகின்றன. ரீப்பர் பக்கம் அணையும்வரை எஃப்8 அடியுங்கள்.