1967 மஸ்டாங் ஃபாஸ்ட்பேக், சால்வேஜ் டைட்டில்: வாங்கலாமா?

கேட்டவர்: ஹூஸ்டன்வாசி

டெக்சாஸிலேயே ஒரு 1967 மஸ்டாங் ஃபாஸ்ட்பேக் (கூரை பின்னால் சரிந்து இறங்கும் ஃபோர்டு கார்) விற்பனைக்கு வந்திருக்கிறது. கதவுத் தகட்டில் நம்பர் 7ஆர்02சி என்று ஆரம்பிக்கிறது. 289 கன அங்குல இன்ஜின், ஆட்டோமேட்டிக். 29,000 டாலர் கேட்கிறார்கள். இதே நிலையில் டைட்டில் (உரிமைப் பத்திரம்) சுத்தமாக உள்ள வண்டிக்கு இந்தப் பக்கம் 45,000 சொல்கிறார்கள். இதன் டைட்டிலில் சால்வேஜ், அதாவது சேதத்தால் கழிக்கப்பட்டது, என்று இருக்கிறது. "முன்னால லேசா இடிச்சது, எல்லாம் சரி பண்ணியாச்சு" என்கிறார் விற்பவர். பில் எதுவும் இல்லை. வின் நம்பரை (வண்டியின் அடையாள எண்) ஆன்லைனில் போட்டுப் பார்த்தால் ஒன்றுமே வரவில்லை. நேரில் போகும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: காகிதம்_முதலில்

ஆன்லைனில் வராததை வைத்து நல்லதென்றும் சொல்ல முடியாது, கெட்டதென்றும் சொல்ல முடியாது. 17 இலக்க வின் 1981 மாடலிலிருந்துதான் வந்தது. அந்தத் தளங்கள் அதை வைத்தே தேடும். உங்கள் வண்டிக்கு 11 இலக்கம்தான். அரசிடமே கேளுங்கள்: டெக்சாஸ் வாகனப் பதிவுத் துறையான டிஎம்வியின் விடிஆர்-275 படிவம் கொடுத்து டைட்டில் ஹிஸ்டரி வாங்கலாம். அதில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது சால்வேஜ் ஆன தேதி.

ஏன் தேதி என்றால், டெக்சாஸில் பழுது செலவு வண்டியின் அன்றைய மதிப்பைத் தாண்டினால் சால்வேஜ். மஸ்டாங் சில ஆயிரம் டாலருக்குப் போன காலத்தில் ஒரு மட்கார்டும் ரேடியேட்டரும் போனாலே அந்தக் கணக்கு வந்துவிடும். அப்படிப்பட்ட வண்டியைப் பார்த்து பயப்பட வேண்டாம். ஆனால் தேதி 2017 ஆகஸ்டுக்குப் பிறகு, ஹூஸ்டன் பக்கம் என்றால், ஹார்வி புயல் வெள்ளத்தை நினைத்துக்கொண்டே வண்டியைப் பாருங்கள். விலை ஏறிய பிறகும் ஒரு ஃபாஸ்ட்பேக்கைக் கழித்துக் கட்டியிருக்கிறார்கள் என்றால் சேதம் நிஜமாகவே பெரியது.

இன்னொன்று. டைட்டிலில் இருப்பது வெறும் 'சால்வேஜ்' என்றால் அதை ரோட்டில் ஓட்டவே கூடாது. 'ரீபில்ட் சால்வேஜ்' ஆக மாற்ற விடிஆர்-61 படிவத்தில் என்ன பழுது பார்த்தார்கள், என்ன பார்ட் போட்டார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லாம் சரி செய்தவர் அதை ஏன் மாற்றவில்லை? இதை நேராகவே கேளுங்கள். 'நான்ரிப்பேரபிள்' என்று இருந்தால் பேச்சே வேண்டாம், அந்த வண்டி இனி ரோட்டுக்கு வராது.

பதில்: டிங்கரிங்_கண்

கதவுத் தகட்டை நம்பாதீர்கள். அது ரிவெட் அடித்த தகடு, புதிதாக அச்சடித்துத் தருகிறார்கள். உண்மையான வின், டிரைவர் பக்க உள் ஏப்ரனில் (மட்கார்டுக்கு உள்ளே இருக்கும் தகடு), ஷாக் டவருக்கு (ஷாக் அப்சார்பரின் மேல்முனையைப் பிடிக்கும் கூடு) பக்கத்தில், இரும்பிலேயே குத்தியிருக்கும். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டின் ஓரத்தில் வெட்டிவிட்ட இடத்தில் தெரியும். 7 என்றால் 1967, ஆர் என்றால் சான் ஹோசே ஆலை, 02 ஃபாஸ்ட்பேக், சி என்றால் இரண்டு பேரல் கார்புரேட்டர் போட்ட 289. அங்கே 01 என்று இருந்தால் அது கூப்பேயாகப் பிறந்த வண்டி, கூரையை மாற்றியிருக்கிறார்கள். அதற்கு ஃபாஸ்ட்பேக் விலை கிடையாது.

"முன்னால இடிச்சது" என்றாரே, எந்தப் பக்கம்? இடது பக்கம் என்றால் அடி வாங்கியது வின் இருக்கிற அதே தகடு. கடையில் கிடைக்கிற புது ஏப்ரனில் நம்பர் இருக்காது. அதனால் சிலர் பழைய ஏப்ரனிலிருந்து நம்பர் துண்டை மட்டும் வெட்டிப் புதியதில் வெல்டு வைத்துவிடுவார்கள். டார்ச் அடித்து நம்பரைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள். கம்பெனி ஸ்பாட் வெல்டு சின்னக் குழியாக, ஒரே இடைவெளியில் வரிசையாக இருக்கும். கிரைண்டர் தடம், நாலு பக்கமும் ஓடும் மேடு, அங்கே மட்டும் தடித்த பெயின்ட், இதெல்லாம் கெட்ட அறிகுறி.

பதில்: தூக்குக்குண்டு

பாடி வளைவைப் பற்றி நான் சொல்கிறேன். இதில் தனி சேசிஸ் கிடையாது, பாடியேதான் சேசிஸ். வீல்பேஸ் 108 அங்குலம். ஆனால் சக்கர மையத்தை மட்டும் அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள், 1967இல் ஸ்ட்ரட் ராட் (சக்கரத்தை முன்பின் பிடிக்கும் கம்பி) நட்டைத் திருகியே சக்கரத்தை முன்னே பின்னே நகர்த்திவிடலாம். அதனால் பாடியில் இருக்கிற ஓட்டைகளை அளக்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, முன் ரெயிலில் (அடியில் நீளவாக்கில் ஓடும் இரும்புச் சட்டம்) இரண்டு பக்கமும் ஒரே ஓட்டை, பின் ஸ்பிரிங்கின் முன் கண் போல்ட் இரண்டு, இந்த நான்கிலிருந்தும் தூக்குக் குண்டு தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் குறியுங்கள். குறுக்கே இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்தால், கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் ரெயில் நேராக இல்லை.

ஷாக் டவரிலிருந்து ஃபயர்வாலுக்கு (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகடு) போகும் பிரேஸின் போல்டைத் தளர்த்திப் பாருங்கள். ஓட்டை விலகிக்கொண்டால் டவர் உள்ளே சாய்ந்திருக்கிறது. மேல் கன்ட்ரோல் ஆர்ம் பிடிக்கிற இடத்தைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். லோயர் ஆர்ம் எக்சென்ட்ரிக் போல்ட் (சக்கரச் சாய்வைச் சரிசெய்வது) ஒரு பக்கம் மட்டும் கடைசிவரை திருகியிருந்தால், அலைன்மென்ட்காரர் வளைவை மறைக்கப் போராடியிருக்கிறார்.

பெயின்ட் கேஜ் (பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி) கொண்டு போங்கள். 100 முதல் 150 மைக்ரான் என்றால் கம்பெனி பெயின்ட், 500க்கு மேல் போனால் உள்ளே பட்டி.

கடைசியாக, வைப்பர் அடியில் இருக்கிற கௌலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, உள்ளே மிதியடியைத் தூக்கிப் பாருங்கள். சொட்டினால் கௌல் துருப்பிடித்துவிட்டது. சரிசெய்ய முன்பக்கத்தையே கழற்றி ஸ்பாட் வெல்டை ஒவ்வொன்றாகத் துளைக்க வேண்டும். வெள்ள வண்டியா என்று அறிய ராக்கர் பேனல் (கதவுக்குக் கீழே உள்ள பகுதி) வடிகால் ஓட்டையில் கம்பி விட்டுச் சுரண்டுங்கள். வெள்ள வண்டி என்றால் வண்டல் வரும்.

கேட்டவர்: ஹூஸ்டன்வாசி

போய்ப் பார்த்தேன். மூலைவிட்ட வித்தியாசம் எட்டில் ஒரு அங்குலம்தான். கௌல் சொட்டவில்லை, வண்டலும் இல்லை. ஏப்ரன் நம்பர் கதவுத் தகட்டோடு ஒத்துப்போகிறது, ஆனால் நம்பரைச் சுற்றிச் செவ்வகமாக ஒரு மேடு தெரிகிறது, பெயின்டும் அங்கே தடிப்பு. 24,000க்கு இறங்கி வருகிறார்.

பதில்: டிங்கரிங்_கண்

விலை இறங்கினாலும் இப்போது பணம் கொடுக்காதீர்கள். அந்தச் செவ்வகம் நான் சொன்ன அதே துண்டு வேலையாக இருக்கலாம். வெல்டு வைத்தவர் நல்லெண்ணத்தோடு செய்திருந்தாலும், வின் திருத்தப்பட்டது என்று போலீஸ் முடிவு செய்தால் வண்டி பறிமுதல் ஆகும். அப்போது கையில் வண்டியும் இருக்காது, பணமும் இருக்காது.

பதில்: காகிதம்_முதலில்

ஆமாம். ஆட்டோ தெஃப்ட் இன்வெஸ்டிகேட்டரிடம் (வண்டித் திருட்டை விசாரிக்கும் போலீஸ்) காட்டி விடிஆர்-68-ஏ என்ற வின் சோதனைச் சான்று வாங்கித் தரச் சொல்லுங்கள். அதை எடுக்க வேண்டியது விற்பவர், அதுவும் உங்கள் பணம் கை மாறுவதற்கு முன். சான்று கிடைத்தால் டைட்டிலையும் அவரே ரீபில்ட் ஆக மாற்றிக் கொடுக்கட்டும். இன்ஷூரன்ஸ்காரரையும் இன்றே கூப்பிட்டு, ரீபில்ட் டைட்டிலுக்கு அக்ரீட் வேல்யூ பாலிசி (முன்பே ஒப்புக்கொண்ட தொகையைத் தருவது) தருவார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். இந்த மூன்றும் கைக்கு வந்தால் 24,000 நல்ல விலை. சான்று எடுக்க அவர் தயங்கினால் பார்ட்ஸ் விலைக்குக்கூடத் தொடாதீர்கள்.